மூன்று மீட்டர் காவல்: பெட்சி ஆர்ம்ஸ்ட்ராங்கும் பெண்கள் வாட்டர் போலோவும்



2012 ஜூலை 30, லண்டன். ஒலிம்பிக் பெண்கள் வாட்டர் போலோவில் அமெரிக்க அணிக்கு அன்று முதல் ஆட்டம். எதிரணி ஹங்கேரி. அமெரிக்கா 14-13 என்று ஜெயித்தது. ஜெயித்தாலும் ஒரே ஆட்டத்தில் 13 முறை பந்து அமெரிக்க வலைக்குள் போயிருந்தது. அதே அணி ஆகஸ்ட் 9 அன்று இறுதிப் போட்டியில் ஸ்பெயினைச் சந்தித்தது. அன்று ஸ்பெயினால் போட முடிந்தது 5 கோல்கள்தான். அமெரிக்கா 8-5 என்று வென்று, பெண்கள் வாட்டர் போலோவில் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பெட்சி ஆர்ம்ஸ்ட்ராங். தன் கடைசி ஒலிம்பிக் ஆட்டத்தை அன்று ஆடி முடித்தபோது அவருக்கு வயது 29.

இன்றைய பேச்சு அவருடைய விளையாட்டு வாழ்க்கையைப் பற்றியது. கூடவே, அப்படியொரு வாழ்க்கை ஒரு பெண்ணுக்கு எப்படி வாய்க்கிறது என்பதைப் பற்றியது.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஓர் அணிக்கு ஏழு பேர் தண்ணீரில் இருப்பார்கள். ஆறு பேர் ஆடுவார்கள், ஒருவர் கோல் காப்பார். எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. குளம் இரண்டு மீட்டர் ஆழம் இருக்கும். தரையில் கால் ஊன்ற வழியில்லை, ஊன்றவும் கூடாது. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரு கையாலும் பிடிக்கக் கூடாது, முஷ்டியால் குத்தக் கூடாது. கோல்கீப்பருக்கு மட்டும் தன் கோலுக்கு முன்னால் உள்ள ஒரு பகுதிக்குள் இரண்டுக்கும் அனுமதி உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங் ஆடிய காலத்தில் அந்தப் பகுதி 5 மீட்டர். 2019இல் விதி மாறி 6 மீட்டர் ஆனது. மற்றவர்கள் அணிக்கேற்ப வெள்ளையோ அடர்நிறமோ தொப்பி அணிய, கோல்கீப்பர் சிவப்புத் தொப்பி அணிவார். காதைக் காக்கும் பிளாஸ்டிக் மூடி அந்தத் தொப்பியிலேயே இருக்கும். கையுறை கிடையாது. ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்து, நகம் வளர்ந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். தண்ணீருக்கு அடியில் நடக்கும் இழுபறி அப்படிப்பட்டது.

கோல் 3 மீட்டர் அகலம். மேல் கட்டை தண்ணீரிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கும் பெனால்டியில் பந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கோட்டைத் தொட அதற்கு ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் போதும். கண்ணால் பார்த்து உடல் அசையத் தொடங்குவதற்கே ஏறக்குறைய பத்தில் இரண்டு பங்கு நொடி ஆகிவிடும். மிச்சமிருக்கும் இமைப்பொழுதில், காலுக்குக் கீழே தரை இல்லாத ஒரு பெண், இடுப்புவரை நீருக்கு மேலே எழும்பி, கையை மூலைக்கு நீட்ட வேண்டும்.

எப்படி எழும்ப முடிகிறது? பழனிச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு நிலைநீச்சல் தெரியும். கால் எட்டாத ஆழத்தில், ஓரிடத்திலேயே, தலையை மேலே வைத்துக்கொண்டு மிதப்பது. வாட்டர் போலோவின் அடித்தளமும் அதுதான். கால் வேலை மட்டும் வேறு. உட்கார்ந்திருப்பதுபோல் தொடைகளை விரித்து உயர்த்திக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில், மாற்றி மாற்றி, மோர் கடையும் மத்துபோல் சுழற்ற வேண்டும். ஒரு கால் நீரை அழுத்தும்போது இன்னொரு கால் திரும்பி வரும். அதனால் உடல் ஏறி இறங்காமல் ஒரே உயரத்தில் நிற்கும். கைகள் நீரின் மேற்பரப்பில் பக்கவாட்டில் துழாவிக்கொண்டே இருக்கும். பந்து வீசப்படும் கணத்தில் இரண்டு காலும் ஒருசேர உதைக்க, உடம்பு மேலே கிளம்பும். பயிற்சியில் தண்ணீர் நிரப்பிய கேனை இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால்களை மட்டும் வைத்து நிமிடக்கணக்கில் நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் கையின் வேலை தெரியும். தடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்குள் யாருக்கும் தெரியாமல் சுழலும் காலுடையது.

கோல்கீப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாக்குதல் முழுவதையும் நேர் எதிரே பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். யார் காவலில்லாமல் நழுவுகிறார், பந்தைக் கோலுக்கு எறியத் தாக்கும் அணிக்கு இன்னும் எத்தனை நொடி மிச்சமிருக்கிறது என்று அவர் விடாமல் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். தவறு செய்த வீராங்கனையை நடுவர் சிறிது நேரம் வெளியே நிறுத்தினால் ஆறு பேரை ஐந்து பேர் சமாளிக்க வேண்டும். அப்போது தடுப்பவர்கள் கையை உயர்த்திக் கோலின் ஒரு பக்கத்தை மறைப்பார்கள். மறுபக்கம் கோல்கீப்பர் பொறுப்பு. நேரே வரும் பந்து, தலைக்கு மேலே வளைந்து வரும் பந்து, வேண்டுமென்றே நீர்மட்டத்தில் அடித்து எகிற வைக்கும் பந்து என்று வகை வகையாக வரும். எகிறி வரும் பந்து எந்தக் கோணத்தில் மேலே வரும் என்பதை ஆயிரம் முறை வாங்கிப் பார்த்த கைதான் அறியும்.

பெட்சி என்று அழைக்கப்படும் எலிசபெத் ஆர்ம்ஸ்ட்ராங் 1983 ஜனவரி 31 அன்று பிறந்தார். ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர். அமெரிக்காவில் வாட்டர் போலோ என்றால் கலிபோர்னியா. வெயிலும் திறந்தவெளிக் குளங்களும் உள்ள அந்த மாநிலத்திலிருந்துதான் தேசிய அணியில் பெரும்பாலோர் வருவார்கள். ஆன் ஆர்பரோ கடலைப் பார்க்காத உள்நாட்டு ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே உள்ள ஹியூரான் உயர்நிலைப் பள்ளியில் படித்து, அதே ஊரின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, உலகின் முதல்தரக் கோல்கீப்பர்களில் ஒருவராக அவர் வளர்ந்தார்.

அவர் ஆறடி இரண்டு அங்குல உயரம். ஆனால் உயரமான பெண்கள் அந்த ஊரில் அவருக்கு முன்னாலும் பிறந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது இவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சில ஆண்டுக்கணக்குகளில் இருக்கிறது.

ஆண்கள் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1900இல், பாரிஸில். பெண்களுக்கு அந்த இடம் கிடைத்தது 2000இல். சரியாக நூறு ஆண்டுகள். இடையில் பெண்கள் ஆடாமல் இல்லை. 1979இல் பெண்களுக்கான உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. 1986இல் மாட்ரிட் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் வாட்டர் போலோ பதக்கப் போட்டி ஆனது; ஆஸ்திரேலியா வென்றது. ஆனாலும் ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை. 2000 ஒலிம்பிக் சிட்னிக்குப் போனதும் ஆஸ்திரேலியப் பெண்கள் களத்தில் இறங்கினார்கள். ஒலிம்பிக் அதிகாரிகள் வந்திறங்கும்போது நீச்சலுடையிலேயே விமான நிலையத்தில் போய் நின்று நியாயம் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் லிஸ் வீக்ஸ். அவரும் ஒரு கோல்கீப்பர்.

இடம் கிடைத்தது. ஆண்களுக்கு 12 அணிகள், பெண்களுக்கு 6 அணிகள் என்ற கணக்கில்தான் கிடைத்தது. சிட்னியில் இறுதிப் போட்டி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 3-3 என்று இருந்தது. ஆட்டம் முடிய 1.3 நொடி இருக்கும்போது இவெட் ஹிகின்ஸ் தூரத்திலிருந்து வீசிய பந்து வலைக்குள் போனது. நூறு ஆண்டு காத்திருந்த போட்டியின் முதல் தங்கம், அதற்காக வாதாடிய பெண்களின் கழுத்திலேயே விழுந்தது.

அப்போது ஆன் ஆர்பரில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 17 வயது.

அமெரிக்காவில் அதற்கு முன்பே இன்னொரு கதவு திறந்திருந்தது. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. வகுப்பறைக்கு எழுதப்பட்ட அந்த விதி விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தியது. ஆண்களுக்கு அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் வாய்ப்புத் தர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு விளையாட்டாகப் பெண்கள் அணிகள் பெருகின. மிச்சிகன் பல்கலைக்கழகம் பெண்கள் வாட்டர் போலோவை முழுநிலை அணியாக்கியது 2001இல். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் தொடங்கியதும் 2001இல். ஆர்ம்ஸ்ட்ராங் பள்ளியை முடித்து அந்த அணியின் குளத்தில் இறங்கியது அடுத்த பருவத்தில், 2002இல். ஐந்தாண்டு முன்பாகப் பிறந்திருந்தால் அவர் சேர அங்கே அந்த அணியே இருந்திருக்காது.

2005இல் பட்டம் பெற்ற பிறகு தேசிய அணிக்கு வந்தார். அதன் பின் அவர் இருந்த அணி ஆடிய பெரிய இறுதிப் போட்டிகளின் கணக்கை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை கண்ணில் படும். 2007 மெல்பர்ன் உலக சாம்பியன்ஷிப்: ஆஸ்திரேலியாவை வென்றது 6-5. 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்: கனடாவை வென்றது 7-6. இரண்டும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். அத்தகைய ஆட்டத்தில் கோல்கீப்பர் தடுக்கும் ஒவ்வொரு பந்தும் கோப்பையின் விலை பெறும். எதிரணி ஆறாவது கோலைப் போட்டிருந்தால் மெல்பர்னில் கதை வேறு.

அந்த ஒரு கோல் மறுபக்கமும் திரும்பியது. 2008 ஆகஸ்ட் 21, பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. எதிரணி நெதர்லாந்து. அன்று டேனியல் டி பிரைன் என்ற இடதுகை வீராங்கனையை யாராலும் நிறுத்த முடியவில்லை. நெதர்லாந்து போட்ட 9 கோல்களில் 7 அவருடையவை. 8-8 என்று சமநிலையில் இருந்த ஆட்டத்தில், முடிய 26 நொடி இருக்கும்போது அவர்தான் ஒன்பதாவது கோலையும் போட்டார். அமெரிக்கா 9-8 என்று தோற்று வெள்ளியோடு நின்றது. ஒரே ஆளிடம் ஏழு முறை தோற்ற வலையைக் காத்தவர் அடுத்த நான்கு ஆண்டும் அதே வலைக்கு முன்னால் வந்து நின்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோல்கீப்பர் தடுத்ததைப் பலரும் மறப்பார்கள். விட்டது பலகையில் எழுதப்பட்டுவிடும். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே அடுத்த பந்துக்குத் தயாராவதுதான் அவருடைய தொழில். ஆர்ம்ஸ்ட்ராங் அதைச் செய்தார். மறு ஆண்டே ரோமில் உலக சாம்பியன் ஆனார்.

2009இல் ஆடம் கிரிகோரியன் அமெரிக்க அணியின் பயிற்சியாளராக வந்திருந்தார். ஆனால் 2011 ஷாங்காய் உலக சாம்பியன்ஷிப்பில் அணி ஆறாவது இடத்துக்கு இறங்கியது. லண்டனுக்கு நேரடி இடம் வேண்டுமென்றால் அதே ஆண்டு மெக்சிகோவின் குவாதலஹாராவில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் முதலிடம் வர வேண்டும். அந்த நகரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி மூச்சு வாங்கியவர்களுக்கு, உயரத்தில் உடம்பு எப்படி உழைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறுதிப் போட்டியில் மீண்டும் கனடா. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஒவ்வொருவராக வந்து ஐந்து மீட்டரிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவு வருவதாக இல்லை. கடைசியில் அமெரிக்கா வென்றபோது பலகையில் இருந்த எண்ணிக்கை 27-26. அங்கேயும் அதே ஒரு கோல். லண்டனுக்கான வழி அதில்தான் திறந்தது.

லண்டனில் ஹங்கேரியிடம் 13 வாங்கிய அணி, அடுத்து ஸ்பெயினோடு 9-9 என்று சமன் செய்தது. சீனாவை 7-6, காலிறுதியில் இத்தாலியை 9-6 என்று வென்றது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல் முன்னிலை. ஒரு நொடி மிச்சம். அந்த நேரத்தில் கிரிகோரியன் ‘டைம் அவுட்’ கேட்டுவிட்டார். பந்து தன் அணியிடம் இல்லாதபோது அப்படிக் கேட்டால் எதிரணிக்குப் பெனால்டி தர வேண்டும் என்பது விதி. முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் பெனால்டிக்கு நிற்க வேண்டி வந்தது. ஆஷ் சதர்ன் அடித்தார், கோல், 9-9.

யாருக்கும் நிலைகுலைய அது போதும். கூடுதல் நேரம் தொடங்கியது. அந்த ஆறு நிமிடத்தில் அமெரிக்கா இரண்டு கோல்கள் போட்டது. ஆஸ்திரேலியாவை ஒன்றுகூடப் போட விடவில்லை. 11-9. பயிற்சியாளரின் பிழையைக் களத்தில் இருந்த பெண்கள் தங்கள் தோளில் வாங்கிச் சரிசெய்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையில் ஓர் ஆட்டத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் இறுதிப் போட்டியைவிட இந்த ஆறு நிமிடத்தைக் காட்டலாம்.

இறுதிப் போட்டியில் 19 வயது மேகி ஸ்டெஃபன்ஸ் ஐந்து கோல்கள் போட்டார். செய்தித்தாள்களில் அவர் படம் வந்தது, அது நியாயமும்கூட. ஆனால் குழு ஆட்டத்தில் ஒன்பது கோல்கள் போட்டிருந்த அதே ஸ்பெயின் அன்று ஐந்தோடு நின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெரிய இறுதிப் போட்டிகளை ஒரு கோலில் ஜெயித்தும் தோற்றும் வந்த அந்த அணிக்கு, அன்று மூன்று கோல் இடைவெளி வாய்த்தது.

ஆர்ம்ஸ்ட்ராங் விலகிய பிறகு அந்தச் சிவப்புத் தொப்பி ஆஷ்லி ஜான்சனுக்குப் போனது. மயாமியில் வளர்ந்தவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அவரும் கலிபோர்னியாக்காரர் அல்லர். அமெரிக்க ஒலிம்பிக் பெண்கள் வாட்டர் போலோ அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். 2016 ரியோவிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் காத்த அணி தங்கம் வென்றது. கலிபோர்னியாவுக்கு வெளியே இருந்து அடுத்தடுத்து இரண்டு கோல்கீப்பர்கள் வந்தார்கள் என்பது, குளமும் அணியும் பரவப் பரவத் திறமை எங்கிருந்தும் கிளம்பி வரும் என்பதற்குச் சான்று.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்குத்தான். 1948, 1952 ஒலிம்பிக்குகளிலும் இந்திய ஆண்கள் ஆடினார்கள். ஆசிய விளையாட்டில் பெண்கள் வாட்டர் போலோ வந்தது 2010இல், சீனாவின் குவாங்சோவில். அந்த முதல் போட்டியில் இறங்கிய நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதாவது நம் பெண்களுக்கு இந்த விளையாட்டில் ஆசிய மேடை கிடைத்தே இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை. தமிழ்நாட்டில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை வேளச்சேரியில் எழுந்த நீச்சல் வளாகம் இருக்கிறது. பழனியிலிருந்தோ ஆயக்குடியிலிருந்தோ ஒரு பள்ளிச் சிறுமி தினம் காலையில் வேளச்சேரிக்குப் போய்வர முடியாது.

இங்கே நீர்நிலைகளுக்குப் பஞ்சம் இல்லை. வையாபுரிக் குளம், சண்முகநதி, வரதமாநதி அணை, பாலாறு பொருந்தலாறு அணை, மலைமேல் 1863இல் வீரி ஹென்றி லெவிஞ்ச் அணைகட்டி உண்டாக்கிய கொடைக்கானல் ஏரி. இவற்றில் எதுவும் பிள்ளைகள் நீச்சல் கற்கும் இடம் அல்ல. தனியாக இறங்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். நீச்சல் தெரிவது பதக்கத்துக்கு முன்பாக உயிருக்கே காப்பு. நம் ஊர்களில் பையன்கள் அண்ணன்மாரோடு கிணற்றில் குதித்து எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளைத்தான் கொஞ்சம் வளர்ந்ததும் கிணற்றுப் படியிலேயே நிறுத்திவிடுகிறோம். அதே வயதில்தான் ஆன் ஆர்பர் பெண்ணுக்குக் குளமும் பயிற்சியாளரும் கிடைத்தன.

ஆகவே இந்த அவையிடம் சில கோரிக்கைகள். 25 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பொதுக் குளம் இந்த வட்டாரத்துக்கு வேண்டும் என்று நகராட்சியிடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் எழுத்தில் கேளுங்கள். அதில் பெண்களுக்கெனத் தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், உடை மாற்றப் பூட்டு உள்ள அறையும் வேண்டும் என்று அதே மனுவிலேயே சேர்த்து எழுதுங்கள். பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு வகுப்புப் பெண்களுக்காவது முறையான நீச்சல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பத்து வயதில் மகளோ பேத்தியோ இருந்தால், வரும் கோடை விடுமுறையிலேயே, பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கும் ஒரு குளத்தில் அவளைச் சேர்த்துவிடுங்கள்.